நீங்களே சொல்லுங்க கண்ணு

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலையில் கணினியைத் திறந்ததும் உன் படம் வந்தது. அடையாள அட்டைக்காக எடுத்த அதே படம், நீலச் சுடிதார். நம் கம்பெனியில் இன்னொரு ஆண்டை நிறைவு செய்ததற்காக உன்னை எல்லோரும் வாழ்த்த வேண்டுமாம். மென்பொருள் தானாக அனுப்புகிற செய்தி. உன் லாகினை இன்னும் யாரும் நீக்கவில்லை. ராத்திரியில் ஓடும் பில் கணக்குகளில் ஏதோ ஒன்று உன் பெயரில்தான் ஓடுகிறது, நீக்கினால் எது நின்றுபோகும் என்று தெரியவில்லை என்று சிஸ்டம் ஆட்கள் பயப்படுகிறார்கள். செத்த பிறகும் உன்னை வேலையை விட்டு அனுப்ப இவர்களுக்கு மனம் வரவில்லை.

புதுப் பிள்ளைகள் அந்தச் செய்திக்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் எமோஜி போட்டார்கள். ஒருவன் கேக் படம் போட்டான். அவர்களுக்கு உன்னைத் தெரியாது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. காய்ச்சல் என்று லீவு போட்ட நீ திரும்பி வராமலே போன நாளிலிருந்து நான் இப்படித்தான் மரத்துப்போய் இருக்கிறேன். பவானியில் உங்கள் வீட்டு வாசலில் உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும், ஆபீஸ் இருக்கும் சரவணம்பட்டிக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசை நிவேதா எட்டிப் பார்த்து, “ஆருங்க்கா இவங்க? எந்த டீமுங்க?” என்று கேட்டாள். என் சிநேகிதி, இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் தான் போட்ட கைதட்டலை எடுத்துவிட்டாள்.

நிவேதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள், கூடவே உன் டீமையும். உனக்குப் பிறகு அதில் சேர்ந்தவர்களில் நல்ல கை இவள்தான். அதற்கு முந்தைய வாரம் ராஜினாமா கொடுத்திருந்தாள். எப்படியாவது நிறுத்து என்று மேலே இருந்து எனக்கு உத்தரவு. இளைஞர்களுக்கு உற்சாகம் குறைகிறது என்று கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை பீட்சாவும் ஒரு கேரம் போர்டும் வாங்கிப் போட்டிருந்தார்கள். கேரம் போர்டுக்குக் காயின் வரவில்லை. சம்பளம் போதவில்லையா என்று அவளைக் கேட்டேன்.

“அதெல்லாம் இல்லீங்க்கா. நான் இங்க இருக்கறனா இல்லையான்னே எனக்குத் தெரியலீங்க்கா.”

அப்போது வெள்ளகோவில் பையன் நினைவுக்கு வந்தான். நீயும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு நீ டீம் லீடான புதிதில் வந்தவன். வாயே திறக்க மாட்டான். வாடிக்கையாளரோடு ஆன்லைன் கால் என்றால் லீடுதான் பேச வேண்டும், செய்த பிள்ளைகள் மியூட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் நம் ஆபீஸ் வழக்கம். நீ அன்றைக்கு வணக்கம் சொன்னாய். “இதைச் செஞ்சவரே காட்டுவாருங்க” என்றாய். அவன் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க கண்ணு” என்று சொல்லிவிட்டு உன்னை மியூட் செய்துகொண்டாய்.

அவன் பேசவில்லை. அந்தப் பக்கம் வாடிக்கையாளர், திருப்பூர்க்காரர், லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டார். நான் பொறுக்க முடியாமல் மைக்கைப் போடப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், விடவே இல்லை. கடைசியில் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். முடிந்ததும் அவர் அவன் பெயரைக் கேட்டார். மாடிப்படியில் நின்று, “என் பேரக் கேட்டாங்கம்மா” என்று அவன் போனில் சொன்னதை நாம் இருவரும் கேட்டோம். அதற்குப் பிறகு தினமும் நாம் போவதற்கு முன்பே அவன் வந்து ஆபீஸில் விளக்கைப் போட்டிருப்பான்.

டீ குடிக்கும்போது சொன்னாய்: “சம்பளத்துக்குப் போறவங்க போவட்டும். தான் இருக்கறது ஆருக்கும் தெரியலைன்னு போறாங்க பாரு, அது நம்ம தப்பு.” பெரிய மேனேஜ்மென்ட் மேதை என்று கிண்டல் செய்தேன். டீக்கு நீயே காசு கொடு என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாய்.

நீ போன பிறகு வாடிக்கையாளர் கால்களில் நானே பேசிக்கொண்டிருந்தேன். வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். சரக்கைத் திருப்பி அனுப்புவதற்காக நிவேதா செய்த பக்கத்தையும் அந்த வாரம் நானேதான் அந்தத் திருப்பூர்க்காரருக்குக் காட்டுவதாக இருந்தது. கால் ஆரம்பித்தது. உன்னை மாதிரியே வணக்கம் சொல்லி, உன் வார்த்தையையே அவளிடம் சொல்லி, மியூட்டை அழுத்தினேன். மைக்கைப் போட என் கை போனது. பிடித்துக்கொள்ள உன் கை இல்லாததால் என் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் பேசினாள். தடுமாறினாள், பிறகு பேசினாள். “நல்லா இருக்குதுங்க அம்மணி, உங்க பேரு என்னங்க?” என்று அவர் கேட்டபோது, இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் வந்து, தீபாவளி வரைக்கும் இருந்து பார்க்கிறேன் என்றாள். மேலிடத்தில் சொன்னேன். பீட்சா வேலை செய்கிறது என்று மகிழ்ந்தார்கள். நானும் ஆமாம் என்றேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

நேற்று நடந்த காலில் என் இடத்தில் நிவேதாதான் முன்னால் இருந்தாள். பக்கத்தில் போன வாரம் சேர்ந்த பையன், முதல் முறையாக ஏதோ செய்திருந்தான். நான் ஓரத்தில் என் கணினியில் கேட்டுக்கொண்டிருந்தேன், என் மைக் திறந்திருந்தது. அவள் வணக்கம் சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்களே சொல்லுங்க கண்ணு.”

அந்த இழுவை, அந்தக் ‘கண்ணு’ எல்லாம் அப்படியே நீ. அவள் உன்னை நேரில் பார்த்ததே இல்லை. உன் படத்துக்கு ஒரு கைதட்டல் போட்டு, அதையும் எடுத்துவிட்டவள். நான் அவசரமாக மியூட்டை அழுத்தினேன். நான் அழுவது திருப்பூருக்குக் கேட்கக் கூடாது.