கூட்டத்தில் நான் எழுந்து நிற்கவில்லை

அன்புத் தோழி,

விடுமுறைக்கு முன் பெண்கள் விடுதியின் கதவுகளுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கிறார்கள். விடுதிப் பொறுப்பு இப்போது என்னிடம். இன்று காலை மேல்மாடிக்குப் போனேன். அந்த மணம் மூக்கில் ஏறியது. உன் பழைய அறையின் முன்னால் கால் நின்றுவிட்டது. கதவில் எதுவும் இல்லை. பச்சை நிறம் மட்டும், ஈரமாக. நீ போய் ஏழு மாதங்களாகின்றன. உயிரோடிருந்தபோது உனக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

என் வீடு ஆரையம்பதியில், உன் வீடு அடுத்த முஸ்லிம் ஊரில். நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் நாம் முதன்முதலாகப் பேசினோம். ஒரு பக்கம் மறுபக்கத்தில் செய்த கொலைகளைச் சொல்லிச் சொல்லியே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் வளர்த்திருந்தார்கள். விடுதிச் சாப்பாட்டறையில் நான் தள்ளி உட்கார்ந்தபோது நீதான் கூப்பிட்டாய். "உங்கட ஊர் மீனத்தான் புள்ள நாங்க தின்னுறம். மறுகா என்ன, வந்து பக்கத்தில இரு."

கடல் பொங்கிய அந்த மார்கழியில் என் அறைத்தோழியின் அம்மாவை அலை கொண்டுபோனது. களுதாவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் அகதியாக இருந்தாள். நாம் இருவரும் தேடிப் போனோம். நீயும் உன் மாமியைக் கடலுக்குக் கொடுத்திருந்தாய். அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தலையில் அப்பியிருந்த சேற்றையும் மண்ணையும் கழுவி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டாய். அவள் உன் மடியில் தலைவைத்து அழுதாள்.

விடுதி மறுபடி திறந்தபோது, நிவாரண லொறிகளையெல்லாம் உங்கள் ஊர் மறித்துக்கொண்டது என்ற கதை எங்கும் பரவியிருந்தது. யாரும் கண்ணால் கண்டதில்லை. ஒரு மாலை நான் படியேறி வரும்போது, உன் கதவில் ஒருத்தி கறுப்பு மையால் எழுதிக்கொண்டிருந்தாள். "உங்கட ஊருக்குப் போங்க." கீழே ஒரு வசைச்சொல். எழுதியவள் என் அறைத்தோழி. என்னைக் கண்டதும் பேனையை மூடிவிட்டு, என்னைக் கடந்து இறங்கிப் போனாள்.

மறுநாள் மாணவிகள் கூட்டத்தைக் கூட்டச் சொன்னவள் நீதான். "எழுதினது ஆரெண்டு நான் கேக்கல்ல. இது பிழையெண்டு எல்லாரும் ஒருக்காச் சொன்னாப் போதும்" என்றாய். யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நீயே எழுதிப்போட்டு நாடகம் ஆடுறியா?" சிரித்தார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயை இழந்தவளைக் காட்டிக்கொடுப்பதா என்று மனதுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஆனால் நீ பெயர் கேட்கவே இல்லையே. எழுந்து நின்று 'பிழை' என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும்.

அடுத்த கிழமை நீ விடுதியை விட்டுப் போனாய். படிப்பு முடியும்வரை பஸ்ஸில் வந்துபோனாய். வழியில் கண்டால் சிரிப்பாய். அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வன்னியில் இருந்த தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வீதியெங்கும் பட்டாசு வெடிச்சத்தம். அதற்குள் நீ வந்தாய். அம்மாவின் பக்கத்தில் பாயில் அமர்ந்து, "மகன் வருவார், அழாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாய். வருமுன், உங்கள் தெருவில் பட்டாசு கொளுத்தியவர்களிடம், "பக்கத்து ஊர்ல பிள்ளையளத் தேடித் திரியிறாங்க. உங்களுக்கு இது பெருநாளா?" என்று தனியாக நின்று சண்டை பிடித்துவிட்டுத்தான் வந்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னால் என் ஆட்களிடம் செய்ய முடியாததை நீ உன் ஆட்களிடம் செய்தாய். அன்று வாசல்வரை உன்னோடு வந்தேன். கூட்டத்தில் பேசாமல் இருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "வாறன் புள்ள" என்றாய். விட்டுவிட்டேன். தம்பி சில மாதங்களில் முகாமிலிருந்து திரும்பி வந்தான். நான்தான் உன்னிடம் வரவில்லை.

நோய் உன்னைக் கொண்டுபோன செய்தி எனக்கு எட்டியபோது அடக்கமும் முடிந்திருந்தது. உன் தங்கையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாசுக் கதையை அவள்தான் எனக்குச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "இத எனக்குச் சொல்லி என்னக்கா? எங்கட ராத்தாவைப் பொய்க்காரியாக்கின ஆக்களுக்கெல்லோ சொல்லோணும்."

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை தேற்றாத்தீவுக்குப் போனேன். என் பழைய அறைத்தோழி அங்கேதான் படிப்பிக்கிறாள். நீ இறந்ததைச் சொன்னேன். அன்று நான் பேசாமல் இருந்தது பிழை என்றேன். அவள் முற்றத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீ கண்டது எனக்குத் தெரியும். எழும்பிச் சொல்லுவாய் எண்டு அந்தக் கூட்டத்தில நடுங்கிக்கொண்டு இருந்தன். நீ சொல்லல்ல. ஒருத்தரும் சொல்லல்ல. மறுகா, நான் செய்தது சரியெண்டே நினைச்சிட்டன். கனகாலம் அப்பிடியே நினைச்சன்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அன்று தலை பின்னிவிட்ட உன் பெயரைச் சொல்லி அழுதாள்.

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எண்ணித்தானே உன்னைக் கைவிட்டேன். அவளையும் நான் காப்பாற்றவில்லை. உன் பெயரோடு சேர்த்து இதையும் இனிச் சுமப்பேன்.