கிண்ணத்தில் நறுக்கிய பழம்

ஜூன் 9

என் அன்புப் பாப்பாவுக்கு,

தலை நரைத்த பிறகும் என்ன பாப்பா என்று உன் அண்ணன் கேலி செய்கிறார். செய்யட்டும்.

பிள்ளைகளுக்கு எந்தச் சாப்பாட்டால் காய்ச்சல் வந்தது என்று பார்க்க நேற்று எங்கள் விடுதிச் சமையலறைக்கு வந்தாயே, அது நீதானா? நான் கரண்டியும் கையுமாக நிற்கிறேன். “சொல்லுங்கம்மா, எத்தனை வருஷமா சமைக்கிறீங்க?” என்று யாரோ போலக் கேட்கிறாய். “உனக்கு ஊட்டின வருஷத்தையும் சேத்துக்கவா?” என்று வாய்வரை வந்தது. உன் ஆட்கள் முன்னால் மானத்தை வாங்க வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்த டப்பா. மலத்தைக்கூடவா ஆராய்ச்சி செய்வார்கள்! பாத்திரம் தேய்ப்பவளுக்கு ஒன்று, காய் நறுக்குபவருக்கு ஒன்று, எனக்கு மட்டும் மூன்று. நான் சீனியர் என்பதாலா?

வீட்டுக்கு வராமலே போய்விட்டாய். உனக்கென்று எடுத்து வைத்த சாப்பாட்டை உன் அண்ணன் காலி செய்தார்.

அண்ணி

ஜூன் 16

அன்புள்ள அண்ணி,

நேரில் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். நான் கோழை.

டைபாய்டு கிருமி உங்கள் உடம்பில் இருக்கிறது. உங்களை ஒன்றும் செய்யாமல் பித்தப்பையில் குடியிருக்கிறது. பிள்ளைகளிடம் இருப்பதும் அதே கிருமி. மருந்து முடியும்வரை நீங்கள் சமைக்கக் கூடாது. விடுதிக்கும் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் ஒரே சோறுதான் சாப்பிட்டார்கள். ஆனால் தட்டில் மிச்சம் வைக்கிற பிள்ளைகள்தான் காய்ச்சலில் படுத்தார்கள். எங்கள் குழுவில் யாருக்கும் பிடிபடவில்லை. அப்போது ஒரு பையனிடம், “சமையலம்மா உனக்குத் தனியா ஏதாவது குடுப்பாங்களா?” என்று கேட்டேன். “பழம் நறுக்கிக் குடுப்பாங்க. யாருக்கும் சொல்லக் கூடாது” என்றான்.

அந்தக் கேள்வி உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தோன்றும், அண்ணி. சாப்பிட அடம்பிடித்த என்னைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கிண்ணத்தில் பழம் தந்தவர் நீங்கள். அந்தப் பிரியத்தை வைத்தே உங்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். எங்கள் தலைவர், “பிரமாதமான கேள்வி, கட்டுரையா எழுதுங்க” என்கிறார். எனக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உங்கள் பாப்பா

ஜூன் 22

பாப்பா,

மாத்திரை சாப்பிடுகிறேன். உன் அண்ணன்தான் சமைக்கிறார். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

விடுதிப் பிள்ளைகளில் இரட்டைச் சடைக்காரி ஒருத்தி இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பார்க்கக் கிளம்பினேன். வெறுங்கையோடு போவதா என்று பழம் வாங்கினேன். பாதி வழியில்தான் உறைத்தது. பையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் அறைக்கு வெளியே நின்றேன். அவள் அம்மா என்னைப் பார்த்து, “உள்ள வாங்கம்மா, உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா” என்றாள். நான் ஓடி வந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் எழுது. நான் கல்யாணமாகி வந்த வருஷம் உனக்கும் இதே காய்ச்சல் வந்தது. டாக்டரே கையை விரித்தார். நான் தலைமாட்டில் கிடந்து உன்னைப் பிழைக்க வைத்தேன் என்று இத்தனை காலம் பீற்றிக்கொண்டேன். நீயும் விருது வாங்கியபோது, அந்தக் காய்ச்சலால்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று சொல்லி என்னை எழுந்து நிற்க வைத்தாய். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதுவும் என் கையால்தானா?

அண்ணி

ஜூன் 27

அன்புள்ள அண்ணி,

அப்படித்தான் இருக்கும். நிரூபிக்க இன்று வழியில்லை. “வேறு காரணமும் இருக்கலாம்” என்று எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஆனால் இதையும் கேளுங்கள். வேலையில் சேர்ந்த புதிதிலேயே எனக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் யார் யாரையோ சோதித்தேன். உங்களிடம் மட்டும் டப்பாவை நீட்ட மனம் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் என் அண்ணியாக இருக்க மாட்டீர்கள் என்று பயம். அன்றே கேட்டிருந்தால் அந்தச் சடைக்காரி இன்று பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குற்றம் யாருடையது என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு மட்டும் மூன்று டப்பா கொடுத்ததும் அந்தப் பழைய சந்தேகத்தால்தான்.

கட்டுரை எழுதப்போவதில்லை.

பாப்பா

அக்டோபர் 30

பாப்பா,

நாலு மாதமாக நான் பதில் போடவில்லை. நீயோ விடாமல் எழுதினாய். எல்லாவற்றையும் படித்தேன்.

கோபமில்லை என்று எழுதினால் பொய். என் மேலிருந்த கோபத்தில் பாதியை உன் மேல் மாற்றிக்கொண்டேன், அதனால்தான் இரவில் தூங்க முடிந்தது. அதற்கு உனக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா, தெரியவில்லை.

பரிசோதனை எல்லாவற்றிலும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. விடுதியில் திரும்பக் கூப்பிட்டார்கள். போகவில்லை. சடைக்காரி ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். முடியெல்லாம் கொட்டி, சடை ஒன்றாகிவிட்டது. பார்க்கப் போன என்னைக் கண்டதும் ஓடி வந்து, “பழம் எங்க?” என்றாள்.

கட்டுரையை எழுது. என் பேர் போடாமல் எழுது. இன்னொரு வீட்டில் இன்னொருத்தி என்னைப் போலவே தெரியாமல் பிள்ளைக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வா. பழம் வாங்கி வைக்கிறேன். நான் நறுக்க மாட்டேன், நீ நறுக்கு. அந்தப் பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு கிண்ணம்.

வந்ததும் முதலில் போய்க் கையைக் கழுவு.

அண்ணி