ஊதினால் திறக்கும் கதவு

நிலவு, தென்முனைத் துளைக்கூடம்
திங்கள், காலை 6.10

துளைக்கருவி நன்றாக ஓடுகிறது. பனிக்கட்டி வரத்து குறைவு. நான் செங்கோடன், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஓட்டியவன். எழுத்து தெரியாது, நான் சொல்லச் சொல்ல எந்திரம் எழுதுகிறது. வெள்ளிக்கிழமை கப்பல் வருகிறது. கூடத்தை மூடிவிட்டு நாங்கள் நாலு பேரும் ஊர் திரும்புகிறோம்.

கப்பல் வந்து ஒட்டும் கதவில் ஒரு குழாய் இருக்கிறது. அதில் ஊத வேண்டும். மூச்சில் கந்தக வாடை அடித்தால் நோயாளி என்று முடிவு கட்டி, கதவு திறக்காது. இன்று, பச்சை விழுந்தாலும் திறந்துவிடாதபடி கதவின் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒத்திகை பார்த்தோம். மூவருக்குப் பச்சை விளக்கு. எனக்குச் சிவப்பு.

செவ்வாய், மாலை 5.40

நாக்கை வழித்து வழித்து ரத்தமே வந்துவிட்டது. கிராம்பு மென்றேன். மருந்துப் பெட்டியில் இருந்த நீலத் தண்ணீரைக் கொப்பளித்தேன். வாய் எரிந்து, முன்னைவிடக் காய்ந்துபோனது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மறுபடியும் சிவப்பு.

குழியிலிருந்து மெக்கானிக் நல்லசிவத்தின் ரேடியோ: "ஏனுங் பெரியப்பா, நீங்க மைக்ல பேசுனாலே இங்க கண்ணு எரியுதுங்."

"உன்ற வாயி மட்டும் மல்லியப்பூவாடா?" என்றேன்.

புதன், காலை 9.05

பூமியிலிருந்து டாக்டர் ஜெசிந்தா: "ஐயா, அந்த நீல மருந்துல ஆல்கஹால் இருக்கு. வாயக் காய வைக்கும், விட்டுடுங்க. பிரஷர் மாத்திரையும் எச்சிலக் குறைக்கும். ஆனா அத நிறுத்தக் கூடாது. தண்ணி எப்படிக் குடிக்கிறீங்க?"

"அண்ணாந்துதானுங்க."

"அதான் விஷயம்! அங்க தண்ணி உருண்டையா மெதுவா விழுந்து நேரா தொண்டைக்குப் போயிடுது. வாய் நனையறதே இல்ல. பாட்டில்ல வாய வச்சு, கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி, வாயிலயே வச்சிருந்து முழுங்குங்க."

அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? ஏழு வயதில் டீக்கடையில் தண்ணீர் கேட்டேன். கடைக்காரன் தம்ளர் தரவில்லை. கையை ஏந்தச் சொல்லி மேலேயிருந்து ஊற்றினான். அவன் இடுப்புப் பச்சை பெல்ட்டின் கொக்கி உடைந்திருந்தது வரை ஞாபகம் இருக்கிறது. எவன் பாத்திரத்திலும் என் உதடு படாது என்று அன்றே வைராக்கியம் எடுத்தேன். அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. இப்போது உறிஞ்சு என்றால்?

வியாழன், பகல் 2.20

ஏலக்காய். சிவப்பு. உப்பு நீர். சிவப்பு. குழாயை ஓர் உதை விட்டேன். கால்தான் வீங்கியது.

வெள்ளி, காலை 10.15

கப்பல் வந்து ஒட்டிவிட்டது. கதவின் மோட்டாரைப் போட்டாயிற்று. மூவரும் ஊதி உள்ளே போய்விட்டார்கள். ஒவ்வொருவருக்கும் திறந்து மூடிய கதவு எனக்கு மட்டும் அசையவில்லை.

நல்லசிவம் உள்ளேயிருந்து: "பெரியப்பா, என்ற பாட்டில அங்கயே வெச்சிருக்கறனுங். வாய வெச்சுக் குடிங். வீம்புக்கு இதா நேரம்?"

வைத்தேன். உதட்டை வைத்தேன். உறிஞ்சினேன். சிவப்பு.

"இன்னொருக்கா ஊதுங்!"

சிவப்பு.

கப்பலோட்டி: "நேரம் முடிஞ்சுது. கெளம்பறோம்."

"நிறுத்துங்கய்யா! எங்க பெரியப்பா—"

ரேடியோ அறுந்துவிட்டது. தரை அதிர்ந்தது. போய்விட்டார்கள்.

வெள்ளி, பகல் 1.30

டாக்டர்: "பத்து நாள்ல வேற கப்பல் வரும் ஐயா. காத்து போதும். எதையும் தொடாம பொறுமையா இருங்க."

பொறுமையாம். காலையிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கிறேன். இப்போதுதான் எச்சில் ஊறுகிறது. எல்லாம் முடிந்த பிறகு! நாக்கு புரள்கிறது, நாற்றமும் இல்லை. இந்தக் கதவு அதை ஒத்துக்கொள்ளாமல் நான் தூங்க மாட்டேன். ஒரே ஒரு தடவை ஊதுகிறேன்.

வெள்ளி, பகல் 1.34

பச்சை! பார்த்தாயா, பச்சை! இத்தனை நாள் என்னை நாய் படாத பாடு படுத்தி—

என்ன சத்தம் அது? கதவு ஏன் அசைகிறது? மோட்டாரை யாரும் நிறுத்தவில்லையா? அந்தப் பக்கம் கப்பல் இல்லை, காற்றும் இல்லை. எந்திரமே, மூடு. கதவை மூடு. மூ