ஜூலிக்கு இப்போது இரண்டு வயது

தம்பி,

நேற்று உன் இடுப்புப் பையைத் துவைத்தேன். கண்டியிலிருந்து கொண்டுவந்து இறக்கிய சாமான்களுக்குள் கிடந்தது. ஜிப்பைத் திறந்ததும் நெத்தலிக் கருவாட்டு வாசம் முகத்தில் அடித்தது. நாய்க்குக் கொடுக்க நீ கிள்ளிப் போட்டுவைப்பது அதைத்தான். இந்த ஒரு வருடமாக நான் போடுவதும் அதைத்தான். தையலுக்குள் தூளாகக் கிடப்பதில் உன்னுடையது எது, என்னுடையது எது என்று தெரியவில்லை. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் வாசம் போகவில்லை. கொடியில் காய்கிறது. பூனை கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜூலியைப் போட்டிக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தேன். நீ சொன்ன வயதில்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாருக்குச் சொல்ல? நாய் கீழ்ப்படிவதற்கு ஒரு போட்டி இருக்கிறது என்பதையே நம் ஊர் தன்னாமுனையில் பாதிப் பேர் நம்பவில்லை.

நீ கட்டாரில் நாய் பழக்கும் வேலையை விட்டு வந்தபோது கொண்டுவந்தது ஒரு பெட்டியும் ஒரு இருமலும். உன் நெஞ்சுப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து முதலில் பார்த்தவள் நான். நுரையீரல் சுருங்கிக்கொண்டு போகிற வியாதி. பென்சன் எடுக்கும்வரை தாதியாக வேலை செய்தவளுக்கு டொக்டர் விளக்கம் சொல்லத் தேவையில்லை. என் முகத்தைப் பார்த்து நீயும் தெரிந்துகொண்டாய். அடுத்த கிழமை ஒரு லாப்ரடோர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாய்.

“இது ஆருக்கடா?”

“எனக்குத்தான்.”

“கடைசியில பாக்கப்போறது நான்தானே?”

“அத மறுகா பாப்பம் அக்கா.”

அத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தும் உன் வாயில் ‘பிறகு’ என்ற சொல் வந்ததில்லை. சாப்பாடா, மருந்தா, கல்யாணமா, எதைக் கேட்டாலும் மறுகாதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலையில் வாவிக்கரை வீதியில் அவளைப் பழக்குவாய். உன் இடது காலோடு ஒட்டி நடக்க வேண்டும். நீ நின்றால், சொல்லாமலே உட்கார வேண்டும். அதுதான் முதல் பாடம் என்றாய். நான் மூச்சுக்கு அடிக்கிற பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வருவேன். மதகடியில் நீ நிற்பாய். கவிழ்த்து வைத்த தோணியடியில் நிற்பாய். அதற்கு அங்கால் லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அவள் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, உன் மூச்சு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். நீ காலை எடுத்தால் அவளும் எழும்புவாள்.

வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிற மாமா சும்மா இருக்கமாட்டார். “என்ன மருமகன், நாய்க்கும் சோதினையாம்? டியூசனுக்கு எங்க விடப்போறீங்க?” நீ சிரிப்பாய். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் நான் அவரை முறைப்பேன்.

ஆறு மாதம் முடிந்த குட்டியைப் போட்டிக்கு விடலாம் என்று நீதான் சொன்னாய். எனக்கு அது போதுமாக இருந்தது. ஜூலிக்கு ஆறு மாதம் முடிந்த அன்றே தொடங்கிவிட்டேன். கண்டியில் போட்டி வருகிறது, வான் பிடிப்போம், நீ கதிரையில் இருந்து பார், ஒருதரம் பார்த்துவிடு. வெளியில் சொல்லாதது, அடுத்த போட்டிக்கு நீ இருக்கமாட்டாய் என்பது. உனக்கு அது தெரியாமல் இல்லை.

“ஒடம்பு வளந்திட்டு அக்கா. புத்தி இன்னும் வளரல்ல” என்றாய். கட்டாரில் ஒரு முதலாளி தன் இளம் நாயை அவசரப்பட்டுப் போட்டிக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னாய். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அது வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு படுத்ததாம். பிறகு, கயிறு கட்டிய திடலைக் கண்டாலே படுத்துவிடுமாம். “நாயில பிழ இல்ல. கொண்டுபோன வயசு பிழ. ரெண்டு வயசு ஆகட்டும். அப்பதான் சத்தத்தையும் சனத்தையும் தாங்கும்.”

“ரெண்டு வயசு மட்டும் ஆருக்கடா நேரம் இருக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

நீ கோபிக்கவில்லை. ஜூலியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாய்: “நேரமில்லாதது எனக்குத்தானே அக்கா. அவளுக்கு இருக்கே.”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இரண்டு நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாயின் நன்மைக்காக என் தம்பியின் ஒரே ஆசையை நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா? அப்படித்தான் எனக்குப் பட்டது. கண்டிப் போட்டி வந்து போனது. நாங்கள் போகவில்லை.

ஜூலிக்கு ஒரு வயது ஆகுமுன், மாரி மழை தொடங்கிய கிழமை, நீ போய்விட்டாய். உன் கண்ணை மூடியது நான்தான். வார்டில் எத்தனையோ பேருக்குச் செய்த வேலை. கை தன்பாட்டில் செய்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், கதிரை எடுத்துப் போட்டேன், முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும் ஒரு குறையில்லாமல் நடத்தினேன். அழவில்லை. “நல்ல மனத்தைரியம்” என்றார்கள். அது தைரியம் இல்லை, தம்பி. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் அது வேறு யாருடையதோ போல இருக்கும் அல்லவா, அப்படித்தான் இருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறேன்.

ஆனால் நாய்க்குப் பசிக்கும். அதனால் விடிய எழும்பினேன். உன் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நீ நடந்த வீதியில், நான் பார்த்திருந்தபடியே நடந்தேன். ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. முதல் நாள் மாமா வலையோடு நின்று பார்த்தார். அடுத்த நாள், “டீச்சர் மாறிட்டாவோ?” என்றார். நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டியில் நல்ல குளிர். ஒலிபெருக்கி அலறியது. எங்கு பார்த்தாலும் நாய்கள். பக்கத்தில் ஒரு சின்னக் குட்டி, ஆறேழு மாதம் இருக்கும், தன் எசமானின் காலுக்குள் ஒளிந்து நடுங்கிக்கொண்டிருந்தது. ஜூலி கொட்டாவி விட்டாள். நீ சொன்னது சரி. எனக்கு அப்போதும் சந்தோஷம் வரவில்லை, சரி என்று மட்டும் தெரிந்தது.

நடுவர் ஒரு அம்மா. வயது கேட்டார். இரண்டு என்றேன். சாதாரண நடை, மெதுநடை எல்லாம் என் காலோடு ஒட்டிக்கொண்டு அழகாக வந்தாள். பிறகு வேகநடை. திடலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நிற்காமல் போக வேண்டும். பாதி தூரம் போயிருப்போம், கையில் வார் இறுகியது. திரும்பிப் பார்த்தேன். ஜூலி உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உன் மூச்சு அடங்கும்வரை பார்க்கிற பார்வை அது. மூன்று நடையையும் சேர்த்தால், மதகிலிருந்து தோணி வரைக்குமான தூரத்தை நாங்கள் கடந்துவிட்டோம். நான் இளைப்பாற வேண்டிய இடம் அது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

‘வா’ என்று ஒரு சொல் சொல்லி இழுத்துக்கொண்டு போயிருந்தால் கொஞ்சப் புள்ளியோடு தப்பியிருக்கலாம். நான் போகவில்லை. அத்தனை சனத்துக்கு நடுவில் அப்படியே நின்றேன். உனக்கு எவ்வளவு நேரம் தேவைப்படுமோ அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு காலை எடுத்தேன். அவள் எழும்பி வந்தாள்.

முடிவில் நடுவர் அம்மா என்னைக் கூப்பிட்டார். “நல்ல நாய். கொஞ்சம் லேட்டாக்கிட்டீங்க. சின்ன வயசிலயே கூட்டி வந்திருந்தா இந்தப் பழக்கம் வந்திராது” என்றார்.

“இல்ல மிஸ், வயசு சரி” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. நம் சண்டையில் நான் உன் பக்கம் பேசியது அதுதான் முதல் தரம்.

அவர் சிரித்துவிட்டு, நிற்காமல் நடந்து பழக்கினால் சில கிழமையில் மாறிவிடும் என்று சொல்லி அனுப்பினார். வானில் வரும்போது எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. ஒரு வருடமாக அவளை நடத்தியது நான். எனக்கு இருமலும் இல்லை, இளைப்பும் இல்லை. பிறகு ஏன் அவள் இன்னும் உன் மூச்சுக்குக் காத்திருக்கிறாள்?

இன்று காலையில் வழமைபோல வாவிக்கரைக்குப் போனோம். முதல் முறையாக என் காலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். மதகடி வந்தது. என் கால் நின்றது. ஜூலி உட்கார்ந்தாள். தோணியடி வந்தது. நின்றது. லைட் கம்பத்தடியில் என் கை தானாகப் போய்க் கம்பத்தைப் பிடித்தது. இந்த ஒரு வருடமும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை, தம்பி. உன்னை நினைக்கவில்லை, அழவில்லை, ஒன்றும் தோன்றவில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த நாளெல்லாம், நீ நின்ற இடத்திலெல்லாம் நின்றிருக்கிறேன்.

கம்பத்தைப் பிடித்தபடி நின்றேன். வேகமாக நடக்கவே இல்லை, ஆனாலும் மூச்சு வாங்கியது. ஜூலி பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்து, “என்ன மருமகள், சோதினை பாஸா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

நிற்காமல் நடந்து பழக்க வேண்டுமாம். பழக்கலாம்தான்.

மறுகா பாப்பம்.

உன் அக்கா