அப்பாவுக்கு எப்போதோ தெரியும், அம்மா

என் ஆசை அம்மாவுக்கு,

நாவலை முடித்துவிட்டேன். சென்னையில் ஒரு பதிப்பகத்தார் அச்சுக்கு எடுத்துக்கொண்டார்கள். தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாளெல்லாம் ஊராருக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுக்கிற எனக்கு, அந்தச் செய்தியும் டிரங்க் காலில்தான் வந்தது. பக்கத்து சீட்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு உன்னைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போல் இருந்தது. உனக்கு எந்த நம்பரைப் போடுவது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைச் சொல்வதற்கு இல்லை. நீ போய் இரண்டு வருஷம் கழித்து, உனக்கே தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியவந்திருக்கிறது. உன்னைப் பற்றியதுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பழையதைச் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். இண்டூர்ப் பக்கத்து நம் ஊரில் நீ தெரேசம்மா, சவரியம்மாளின் வளர்ப்பு மகள். இந்த வெள்ளைத் தோலும் பச்சைக் கண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம், "பெங்களூர் ரயில்வேல இருந்த சட்டைக்காரங்க புள்ள. அப்பன் ஆத்தா இல்ல" என்று சவரியம்மாள் சொல்லிவைத்திருந்தாள். ஆங்கிலோ இந்தியக் குழந்தை என்று ஊர் நம்பியது. உன் பிள்ளைகள் நாங்களும் நம்பினோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நீ வீட்டோடு இருந்தபோது, ஒரு காலையில் நிலக்கடலை உரித்துக்கொண்டே சொன்னாய்: "நான் சட்டைக்காரி இல்ல கண்ணு. யூதப் புள்ள."

பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். ஐரோப்பாவில் பனி விழும் ஒரு நகரம். டாக்டரான உன் அப்பாவின் கிளினிக் கண்ணாடிகளை அடித்து நொறுக்கிய கூட்டம். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று உன்னைத் திருப்பி அனுப்பிய பள்ளிக்கூடம். ஏழு வயதில் கப்பலேறி பம்பாய், அங்கிருந்து பெங்களூர். அங்கே உன் அம்மா டைபாய்டில் போய்விட்டாள். உலகப் போர் தொடங்கியதும் போலீஸ் வந்து, எதிரி நாட்டுக்காரர் என்று உன் அப்பாவை முகாமுக்குக் கொண்டுபோனது. எந்த நாடு அவரை விரட்டியதோ, அந்த நாட்டுக்காரர் என்று சொல்லி!

உங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த சவரியம்மாள் உன்னை முந்தானையில் போர்த்தி கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றினாள். "யாரு கேட்டாலும் எம் புள்ளைன்னு சொல்லு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். முகாமிலேயே காய்ச்சல் கண்டு உன் அப்பா இறந்த செய்திதான் பின்னால் வந்தது.

"நம்ம அப்பாவுக்கு இது தெரியுமாம்மா?" என்று கேட்டேன். நீ பதறி வாசலைப் பார்த்தாய்.

"தெரியாது. தெரியவும் வேணாம். ஏசு பாடுபடற பாஸ்கா நாடகத்துல யூதருங்க வேசத்தப் பாத்தாலே ஊரு காறித் துப்புது. ஒவ்வொரு வருசமும் நான் உங்கப்பா மொகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நான் போனப்புறம் நீ கதையா எழுதிக்க. அவரு மனசு நோவாம எழுது."

அப்படித்தான் எழுதினேன். பெயர்களை மாற்றினேன். மனைவி யாரென்று கடைசிவரை தெரியாமல், அவள் கல்லறையில் நின்று அழும் கணவனை வைத்து ஓர் அத்தியாயம் எழுதினேன். நாவலிலேயே அதுதான் சிறந்தது என்று எனக்கு நினைப்பு.

முதலில் படித்தது அருள் அண்ணன். படித்துவிட்டுச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது. "பேர மாத்துனா தெரியாதா? ஊர்ல வேற யாருக்குப் பச்சக் கண்ணு? தங்கச்சி ஸ்டெல்லாவுக்குப் பாலக்கோட்டுல பேசி முடிச்சிருக்கு. இது புஸ்தகமா வந்தா கல்யாணம் நிக்கும். ஆண்டவர சிலுவையில அறைஞ்ச ஜனம்னு நம்மள ஒதுக்குவாங்க."

நான் எதிர்த்துப் பேச, அண்ணன் கத்த, தோட்டத்திலிருந்து அப்பா வந்துவிட்டார். "எதுக்குச் சண்ட? என்னா எழுதியிருக்க? எனக்குப் படிச்சுக் காட்டு."

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, அம்மா. எழுத்து தெரிவதில்லை. ஞாயிறு பூசை முடிந்து, தோட்டத்து மோட்டார் ரூம் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படிக்க ஆரம்பித்தேன். கப்பல், பெங்களூர், பஸ் எல்லாம் வந்தது. அந்தக் கல்லறை அத்தியாயத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இது தப்பு கண்ணு. அவனுக்குத் தெரியும்."

"யாருக்குங்கப்பா?"

"அந்தப் புருசனுக்கு."

நிச்சயத்துக்கு முன்னால் சவரியம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "இஷ்டம்னா கட்டிக்க. இல்லன்னா வாய மூடிக்கிட்டுப் போயிடு" என்றாளாம். "கட்டிக்கறேன்னு சொன்னேன். வேற என்னா சொல்ல?" என்றார் அப்பா.

"அம்மாகிட்ட ஏன் சொல்லலீங்க?"

"அவளே ஒரு நாளைக்குச் சொல்லுவான்னு இருந்தேன். நானாக் கேட்டா பயந்துடுவா. சின்னதுல இருந்து ஓடி ஓடி வந்தவ. இந்த ஒரு வூட்டுலயாவது நிம்மதியா இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

கிறிஸ்துமஸுக்கு ஊரே பன்றிக்கறி சமைக்கும்போது நம் வீட்டில் மட்டும் கோழி. அப்பாவுக்கு உடம்புக்கு ஆகாது என்றுதானே எங்களிடம் சொல்வாய்? யூதர்கள் பன்றிக்கறி தொடமாட்டார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதையும் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"எனக்கு என்னா ஆவாது? மொத வருசம் அவ ஆக்கி எனக்குப் போட்டுட்டு, தான் ஒரு வாய் வெக்க முடியாம கொல்லப்பக்கம் போயி நின்னா. அன்னிக்கே எனக்கு ஆவாமப் போச்சு."

சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். "பாஸ்காவுல அவ எம் மொகத்தப் பாக்கறது எனக்குத் தெரியும் கண்ணு. அதான் அசையாம உக்காந்திருப்பேன்."

அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். இப்போது நாவலில் கணவனுக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தோன்றியதைவிட நல்ல மனிதனாகவும் இருக்கிறான்.

அண்ணன் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. கண்ணெல்லாம் சிவந்து வந்து, "தலைப்புள்ள நானு. எங்கிட்ட ஏன் அம்மா சொல்லல?" என்றது. அதன் கோபத்துக்கெல்லாம் காரணம் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு உன்னிடம் பதில் இருந்ததா, அம்மா?

புத்தகம் வருவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்கு நாமே சொல்லிவிடவேண்டும் என்றார் அப்பா. "நிக்கறதா இருந்தா நிக்கட்டும். அம்மாவ ஒளிச்சு வெச்சுட்டு நான் ஒரு வூட்டுக்கு வாழப் போவமாட்டேன்" என்றாள் ஸ்டெல்லா. நம் வீட்டுக் கடைக்குட்டிதான், நம்புவாயா? அண்ணனே மோட்டார் சைக்கிளில் அப்பாவைப் பாலக்கோட்டுக்குக் கூட்டிப்போனது. பொழுது சாயும்வரை நானும் ஸ்டெல்லாவும் வாசலிலேயே நின்றோம்.

திரும்பி வந்து அண்ணன்தான் சொன்னது. மாப்பிள்ளையின் அம்மா முழுவதையும் கேட்டாராம். கேட்டுவிட்டு, "பாஷ தெரியாத ஊர்ல அந்தப் புள்ள எப்பிடிங்க சோறு கேட்டிருக்கும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அப்புறம், "தை மாசத்துல கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும்னு சாமியாருகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டாராம். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் வரும்போது வரட்டும்.

போன வாரம் அப்பா என்னை அருகில் கூப்பிட்டார். "கதையில பேர மாத்திட்ட. சவரியம்மா எல்லாம் சொன்னா, அத மட்டும் சொல்லல. அவ பொறந்த பேரு என்னா?"

"ஹன்னா."

"அண்ணாவா?" என்று விழித்தார். நான் சிரிக்க, அவரும் சிரித்தார். அதிலிருந்து தோட்டத்தில் தனியாக இருக்கும்போது மெல்லச் சொல்லிப் பார்க்கிறார். நான் காப்பி கொண்டுபோனால் சட்டென்று நிறுத்திக்கொள்கிறார், புது மாப்பிள்ளை மாதிரி.

கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் வருகிறோம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. பூவும் மெழுகுவத்தியும் அண்ணன் கொண்டுவரும். நாங்கள் யாரும் முதலில் பேசமாட்டோம். அப்பா உன்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பயந்துவிடாதே, அம்மா. கூப்பிடுவது அவர்தான்.

உன் நடுப்பிள்ளை,
ரெஜினா