நான் பிடித்த ஆள்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு வணக்கம்.

மார்ச் 6, வியாழக்கிழமை, மாலை 5.40. திருடன் ஒருவன். நான் பிடித்த ஆள் ஒருவர். அந்த ஒருவனும் இந்த ஒருவரும் ஒரே ஆள் இல்லை.

விஷயத்தை எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிட்டேன். அத்தைக்குச் சர்க்கரை எப்படி, கிணற்று மோட்டார் சரியாயிற்றா என்று தொடங்கினால் அதையே எழுதிப் பக்கத்தை முடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நான் நலம். எனக்கு அடி எதுவும் இல்லை. அடி பட்டது அவருக்கு.

வியாழன் இரவு கூட்டாளியின் போனிலிருந்து உங்களைக் கூப்பிட்டு, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவனைத் துரத்திப் பிடித்துவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு நான் பேசவில்லை, நீங்கள்தான் பேசினீர்கள். முப்பது வருடம் காக்கிச் சட்டை போட்டவர், இன்றைக்கும் தெருவே ஏட்டையா என்று கூப்பிடுகிறது. அந்த வீட்டு மாப்பிள்ளை வெளிநாட்டில் போய்த் திருடனை அமுக்கினான் என்றால் சும்மாவா? விடிவதற்குள் பால்காரர் முதல் எதிர்வீட்டு வக்கீல் வரை செய்தி போய்விட்டதாம். உங்கள் மகள்தான் சொன்னாள். ஆறு மாதமாகப் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்த நீங்கள் அன்றைக்குத்தான் மனம் இறங்கினீர்கள்.

"திருடனையே கையால பிடிக்கிற ஆளுகிட்ட பொண்ணை அனுப்ப எனக்கென்ன பயம்? டிக்கெட்டைப் போடுங்க மாப்பிள்ளை."

28ஆம் தேதிக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. எதை நம்பிச் சம்மதித்தீர்களோ அது நடக்கவே இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் நான்கு சொல்கிறீர்கள். அதனால் ஊருக்கு வரும் என் கூட்டாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆபீசில் அவனுக்கு ஏணி என்று பெயர். நம் வீட்டு நிலைப்படியில் கண்டிப்பாக இடித்துக்கொள்வான். குனிந்து வரச் சொல்லுங்கள்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். வியாழக்கிழமை மதியம் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். உங்கள் மகள் வந்து இறங்கப்போகிற வீடு அது: மாடியில் இரண்டு அறை, தெருவைப் பார்த்த ஒரு பால்கனி. சாயங்காலம் வேலை முடிந்து, வீட்டுக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் நின்று பால்கனியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துணி காயப்போடும் கம்பியை எந்தச் சுவரில் அடிப்பது என்று யோசனை. அந்த நேரத்தில் தோளில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. பை போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் தெருவில் ஒரே ஒரு முதுகு ஓடிக்கொண்டிருந்தது. நானும் ஓடினேன். சந்துமுனையில் எட்டிப் பாய்ந்து அந்த ஆளைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஏதோ கத்தினார். எனக்கு இந்த ஊர் மொழியில் ஒயர், ஏணி, பில், நாளைக்கு வரேன் என்கிற அளவுக்குத்தான் வரும். அவர் கத்தியது அதில் எதிலும் சேரவில்லை. கூட்டம் கூடியது, போலீஸ் வந்தது.

பை அவரிடம் இல்லை. போலீஸ் கேட்டபோது, ஓடும்போது கையில் பார்த்தேன், வேறு யாரிடமோ தள்ளிவிட்டிருக்க வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன். அவர் வீட்டு உடுப்பில் இருந்தார், சட்டைப் பையில் ஒரு அடையாள அட்டைகூட இல்லை. கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் கேமரா மாட்டுபவன் தன் பையைப் பறிகொடுத்தான் என்று ஆபீசில் ஓட்டியது தனிக் கதை. அந்த பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மருந்துக் கடைக்கும் போன மாதம் நான்தான் மாட்டினேன். வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் போய்ப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். போலீசுக்காக இல்லை மாமா. நான் பாய்ந்து பிடிப்பதை உங்களுக்கு அனுப்பலாம் என்றுதான்.

பதிவில் தொப்பி போட்ட ஒருவன் வருகிறான், பையை இழுக்கிறான், சந்துக்குள் போய்விடுகிறான். நான் இன்னும் திரும்பவேயில்லை. அதற்குள், எந்த வீட்டுப் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ அதே வீட்டின் கீழ்வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து அவன் பின்னால் ஓடுகிறார். டம்ளரைக் கீழே வைக்கக்கூட நேரமில்லை, கையோடு கொண்டு ஓடுகிறார். நான் திரும்பும்போது திருடன் மறைந்துவிட்டான், இவர் மட்டும் தெரிகிறார். கையில் பார்த்தேன் என்று போலீசில் சொன்னேனே, அது டீ டம்ளர்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கைப் பிடிக்கப் போய்ப் பிள்ளையாரைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டேன்.

அன்று காலை உங்களைக் கூப்பிட்டு, எழுதிக் கொடுத்ததில் ஒரு திருத்தம் செய்யலாமா என்று பட்டும் படாமலும் கேட்டேன். நினைவிருக்கும். "முதல்ல குடுத்ததுதான் ஸ்டேட்மென்ட். மாத்தினா உங்க மேலயே கேஸ் திரும்பும். வாயைத் திறக்காதீங்க மாப்பிள்ளை" என்றீர்கள். எனக்காகச் சொன்னீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அவரும் நம்மைப்போல வெளியிலிருந்து பிழைக்க வந்தவர். ஒரு திருட்டு வழக்குப் பதிந்தால் வேலை அனுமதியை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். இது ஏணி விசாரித்துச் சொன்னது. நீங்கள் சொன்னதைக் கேட்டு ஒரு மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கேட்கவில்லை. மன்னிக்கவும்.

ஏணியையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பேச்சுக்கு அவன், கோபத்துக்கு நான். பெஞ்சில் ஒரு பெண் ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கொஞ்ச நேரத்தில் ஏணி யாரிடமோ பேசியதிலிருந்து நான் யார் என்று தெரிந்துகொண்டார். எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் பிடித்துக் கொடுத்தவரின் மனைவி.

மேசையில் இருந்த போலீஸ்கார அம்மா, பெரிய அதிகாரி விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வா என்றார். அதுவரை குற்றம் செய்யாதவர் உள்ளே உட்கார்ந்திருப்பாரா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். ஏணி என் காலை மிதித்தான். தப்பான வாக்குமூலத்துக்கு உன் மேல் நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா என்று கேட்டார் அந்த அம்மா. தெரியும், என் மாமனார் போலீஸ்காரர், அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்றேன். அதைக் கேட்டுத்தான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஆக, உங்கள் பெயர் அங்கேயும் உதவியது.

பென் டிரைவைக் கொடுத்தேன். அவர்கள் கம்ப்யூட்டரில் படம் ஓடவில்லை. இந்த வேகத்தில் திங்கள் இல்லை, அடுத்த பொங்கலுக்குத்தான் ஓடும் என்று தோன்றியது. நகருங்கள் என்று சொல்லி நானே உட்கார்ந்து சரிசெய்தேன். படம் ஓடியதும் நாலைந்து போலீஸ்காரர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் பாய்ந்ததும் டம்ளர் மேலே பறக்கிற இடத்தில் ஒருவர் சிரித்தே விட்டார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அதற்குள் எதிர் பெஞ்சிலிருந்து அவர் மனைவி எழுந்து வந்து எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தார். தன் புருஷன் யாருக்காகவோ எழுந்து ஓடுவதைப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

சாயங்காலம் அவரை விட்டார்கள். முட்டி வீங்கி, நொண்டிக்கொண்டு வந்தார். டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவருக்கு, நாள் முழுக்க மண்டியிட்டுச் செய்கிற வேலை. நான் போய் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன், ஏணி அதை மொழிபெயர்த்தான். மதியம் என்னை வீட்டுக்காரரோடு பார்த்தாராம், மாடிக்கு வரப்போகிறவன் என்றுதான் ஓடினாராம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொன்னதை ஏணி இப்படிச் சொன்னான்:

"ஓட நல்லாத்தான் ஓடுற. யார் பின்னாடின்னு பார்த்து ஓடு."

அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. மனைவி என்னைப் பார்த்தால் இன்னும் கதவைச் சாத்துகிறார்.

சனிக்கிழமை சந்துக்குப் பின்னால் ஒரு மதிலோரம் பை கிடைத்தது. போனும் வேலைக் கருவியும் போய்விட்டன. சாப்பாட்டு டப்பா மட்டும் திறந்து மூடிய நிலையில் அப்படியே இருந்தது. என் சமையலைத் திருடன்கூட ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். வீட்டுச் சாவியும் இருந்தது. ஆனாலும் பூட்டை மாற்றிவிட்டேன். அதை நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்கிற வீட்டுக்குப் போனேன். குளியலறைத் தரையைப் பாதியில் விட்டிருக்கிறார், முடித்துக் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் காட்ட, நான் மண்டியிட்டு ஒட்டினேன். ஆறு ஒட்டினேன். நான்கைப் பெயர்த்து எடுக்கச் சொன்னார். இரண்டு நின்றன. சாயங்காலம் கிளம்பும்போது நாளைக்கு வருவாயா என்று கேட்டார். வரேன் என்றேன். அது எனக்குத் தெரிந்த வார்த்தை.

உங்கள் மகளுக்கு எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை இரவே சொல்லிவிட்டேன். அவள் முதலில் கேட்டது, அந்த ஆளின் முட்டி எப்படி இருக்கிறது என்றுதான். நீயே அப்பாவிடம் சொல்லிவிடேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "நான் சொன்னா அது புருஷனுக்கு வக்காலத்து வாங்குறதா ஆயிடும். நீங்களே சொல்லுங்க. அப்பா மனசார அனுப்பினாத்தான் நான் வருவேன்" என்று சொல்லிவிட்டாள். அத்தையிடமும் சொல்லியிருக்கிறாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அத்தை சொன்னதாகக் கேள்வி. ஒப்புக்கொள்கிறேன்.

தெருவில் உங்கள் பேச்சு கெட்டுப்போகும் என்பதும் தெரியும். பழியை என் மேலேயே போடுங்கள். வக்கீல் கேட்டால், மாப்பிள்ளை அவசரக் குடுக்கை, எனக்கே தப்பாகச் சொல்லிவிட்டான் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

அந்தத் தெரு பத்திரமானதா என்று கேட்டால், பத்திரம் என்று எழுதித் தர என்னால் முடியாது. திருட்டு நடந்த தெருதான். திருடன் இன்னும் வெளியில்தான் இருக்கிறான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவனுக்காக டீ டம்ளரோடு எழுந்து ஓடுகிற ஒருவர் கீழ்வீட்டில் இருக்கிறார். இப்போதைக்கு அவரால் ஓட முடியாது, அதற்குக் காரணம் நான். அவர் மனைவி என்னிடம் பேசமாட்டார். உங்கள் மகளிடம் பேசுவார் என்று நினைக்கிறேன். அவளிடம் யார்தான் பேசாமல் இருக்க முடியும்? பேச்சில் உங்கள் மகளாயிற்றே.

திருடனைப் பிடித்த மாப்பிள்ளையிடம் அனுப்பத்தான் சம்மதித்தீர்கள். திருடனைத் தப்பவிட்டு, பிறகு போய்த் தப்பை ஒப்புக்கொண்டவனிடமும் அந்தச் சம்மதம் செல்லுமா என்று சொல்லுங்கள். திட்டுவதானால் முழுசாகத் திட்டுங்கள், இந்த முறை குறுக்கே பேசமாட்டேன். அத்தைக்கு என் வணக்கம். ஆசி கேட்கும் நிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை ஸ்டேஷன். பெரிய அதிகாரி முன்னால் இரண்டாவது வாக்குமூலத்தில் கையெழுத்து. எச்சரித்து விடுவார்கள் என்று அந்த அம்மா சொன்னார். அபராதம் என்றால் கட்டுவேன்.

2. மருந்துக் கடைக் கேமராவை இரண்டடி இறக்கி மாட்டுவேன். இப்போது தொப்பிதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. கடைக்காரரிடம் காசு கேட்கப்போவதில்லை.

3. முட்டி சரியாகும் வரை வேலை முடிந்ததும் டைல்ஸ் ஒட்டப் போவேன். மூன்று வாரம் என்கிறார் டாக்டர்.

4. பால்கனியில் துணிக் கம்பி அடிப்பேன். எந்தச் சுவர் என்று அவளையே கேட்டுவிட்டேன்.

5. உங்களுக்கும் ஒரு டிக்கெட் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். ஒரு வாரம் வந்து இருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், தெருவில் நீங்களே நின்று பாருங்கள்.

6. 28ஆம் தேதி காலை விமான நிலையத்தில் நிற்பேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் நிற்பேன்.