உப்பை அடித்து நெல் என்று எழுதினேன்

இளம் உழவர் மன்றத்து பீரோவை இன்று காலை திறந்தபோது பச்சைக் காகிதக் கட்டு ஒன்று காலடியில் விழுந்தது. நாற்று என்று சொல்லி நாடகத்தில் நம் பசங்க கையில் கொடுத்தோமே, அதுதான். உப்புக்காற்றில் நமுத்துப்போய், சாயம் என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது.

விவசாய இளைஞர்களின் கலைக்கும் ஊர் வரலாற்றுக்கும் அரசாங்கம் நிதி தருகிறது என்று தெரிந்த ஒரே வாரத்தில் நாடகம் எழுதிக்கொண்டு வந்தாய். நம் உப்பளத்தில் குடிதண்ணீர் வைக்கும்வரை உப்பு வாரமாட்டோம் என்று பெண்கள் பாத்தியிலேயே உட்கார்ந்த கதை. முதலில் உட்கார்ந்தது உன் அம்மா. "டேய், மேடையில ஒரு தடவ முனியம்மான்னு எங்கம்மா பேரைச் சொல்லணும். அவ்ளோதான்டா" என்றாய்.

அலுவலகத்தில் என்ன சொன்னார்கள்? "உப்பு என்னங்க பயிரா? அது தொழில் துறை. நாத்து நடவு மாதிரி எதையாச்சும் போடுங்க." மன்றச் செயலாளர் நான். நிதி கைநழுவிப் போய்விடுமோ என்று பயம். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பத்தில் உப்பை அடித்து நெல் என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். பிறகு சொன்னபோது, "சரி விடுடா, பசங்க மேடை ஏறட்டும்" என்றாய். நாடகம் மாறியதை உன் அம்மாவிடம் சொல்ல உனக்கு மனசு வரவில்லை, எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வானூரில் விழா. உன் அம்மா நல்ல புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உப்பளத்துப் பசங்களுக்கு நடவு எங்கே தெரியும்? நடுகிறவர்கள் பின்னால் நகர்வார்கள். நம்மவர்கள் முன்னால் நடந்து, நட்டதையெல்லாம் மிதித்தார்கள். வானூர் விவசாயிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்காமல் கடைசிவரை காத்திருந்துவிட்டு, "நல்லா இருந்துச்சுப்பா" என்றார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்போதே என்னை அறைந்திருந்தால் தேவலை.

இப்போது வேடிக்கையைக் கேள். நேற்று அதே அலுவலகத்திலிருந்து போன். "இந்த வருஷம் உப்பளத்து வரலாறும் சேக்கலாம்ங்க. உங்ககிட்ட நாடகம் ஒண்ணு இருந்துச்சாமே?" தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார்கள். ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பீரோவில் நாடகம் இல்லை. உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா கருவாட்டை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, அவன் எழுதினது இருந்தா குடுங்க. இந்தத் தடவ உங்க பேரோட போடுறோம்" என்றேன்.

"எம்பேரு எனக்குத் தெரியும்ப்பா. எம்புள்ள சொல்லிக் கேக்கணும்னுதான் அன்னிக்கு வந்தேன். இனிமே யாரு சொன்னா என்ன?"

திரும்பி நடந்துவிட்டேன். உன்னிடம் கேட்காத மன்னிப்பு இன்னும் என்னிடமே கிடக்கிறது. அதை அவரிடமாவது கேட்டிருக்கலாம். இன்றும் நான் போனது மன்றத்துக்காகத்தான்டா, உனக்காக இல்லை.